இரண்டு மாநிலங்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு

கல்கத்தா லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளிலிருந்து இந்த ஆண்டு அரசியல் அறிவியல் எம்.ஏ. சேரும் மாணவ மாணவியருக்கு,

கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சேர்கிறீர்கள், சிலர் ஜாதவ்பூரில், சிலர் பிரெசிடென்சியில். ஓரிருவர் டில்லிக்கும் ஹைதராபாத்துக்கும் போகிறீர்கள். எங்கே போனாலும் முதல் மாதமே இரண்டு பொருள்கள் கைக்கு வந்துவிடும். ஒன்று சீனியர்களின் நோட்ஸ். மற்றொன்று, பரீட்சைக்கு எது வரும் என்று ஊகித்துக் கொடுக்கும் 'சஜெஷன்'. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எம்.ஏ. முடித்தவர்கள் நிறையப் பேர். நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். பிளேட்டோ முதல் ரால்ஸ் வரை எவரைக் கேட்டாலும் ஐந்து பாயின்ட் சொல்வார்கள். போன தேர்தலில் தங்கள் தொகுதியில் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வதையே அவர்களும் சொல்வார்கள். இரண்டு வருடப் படிப்பு அவர்களைத் தொடாமலே போய்விட்டது. அந்த வருத்தம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

அரசியல் கருத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே கிடையாது. பாடா (பேட்டை) கிளப் வாசலில், டீக்கடை பெஞ்சில், காபிப்பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு நிற்கும் இடத்தில்கூட ஒரு அமைச்சரவை கவிழ்ந்து இன்னொன்று பதவியேற்றுவிடும். அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் நீங்கள் வளர்ந்தீர்கள். அதே பேச்சுக்குக் கனமான பெயர்களைச் சூட்டிக்கொள்ள எம்.ஏ. தேவையில்லை. அங்கே கற்க வேண்டிய திறமை ஒன்று உண்டு. நீங்கள் நம்புவதற்கு எதிரான விடையும் வரக்கூடிய கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டும். அந்த விடை வந்தால் மறைக்காமல் எழுதத் தெரிய வேண்டும். பாடத்திட்டத்தில் உள்ள மற்றதையெல்லாம் இதற்குத் துணையாகவே நான் பார்க்கிறேன்.

வில்லியம் ரைக்கர் என்ற அமெரிக்கர் 1962இல் அரசியல் கூட்டணிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் மையக் கணக்கு எளிது. ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ளப் போவது பதவி. ஆள் கூடினால் பங்கு குறையும். ஆகவே ஜெயிக்கத் தேவையான அளவுக்கு மேல் கூட்டணி பெருகாது. சீக்கிரமே இதைப் படிப்பீர்கள், பரீட்சையிலும் எழுதுவீர்கள். அதோடு விட்டுவிடாமல் நம் இரண்டு மாநிலங்களில் வைத்துப் பாருங்கள்.

1977இல் மேற்கு வங்காளச் சட்டமன்றத்தின் 294 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சி மட்டும் 178 ஜெயித்தது. யார் தயவும் அதற்குத் தேவையில்லை. ஆனாலும் முதலமைச்சர் ஜோதி பாசு கூட்டாளிகளான ஃபார்வர்டு பிளாக்கையும் ஆர்.எஸ்.பி.யையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். 34 ஆண்டுகள் இடது முன்னணி அப்படியே கூட்டாக ஆண்டது. 2006இல் தமிழ்நாட்டின் 234 இடங்களில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 96. பெரும்பான்மைக்கு இன்னும் 22 வேண்டும். 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கியது. ஐந்து ஆண்டுகளிலும் ஓர் அமைச்சர் பதவிகூட அதற்குக் கிடைக்கவில்லை. பங்கு கொடுக்கத் தேவையில்லாதவர் கொடுத்தார். கொடுத்தே ஆக வேண்டும் என்று கணக்கு சொன்னவர் கொடுக்காமலே ஆண்டார்.

ஏன்? இடதுசாரிகள் கொள்கைக்காரர்கள், பதவிக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது என்று உங்களில் பாதிப் பேர் சொல்வீர்கள். சரி, அதே வங்காளத்தில் 2011க்கு வாருங்கள். திரிணமூல் காங்கிரஸ் தனியாக 184 ஜெயித்தது. இடதுசாரிக் கட்சி என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அதுவும் காங்கிரஸுக்கு அமைச்சர் பதவி கொடுத்தது. 2012 செப்டம்பரில் காங்கிரஸே வெளியேறும்வரை அந்த ஏற்பாடு இருந்தது. கொள்கை விளக்கம் அங்கே விழுந்துவிட்டது. அப்படியானால் டில்லிக் கணக்கா? அப்போது மத்திய அரசைத் தாங்கியவர்களில் திரிணமூலின் 19 எம்.பி.க்களும் உண்டு, அங்கே ஒரு கொடுக்கல் வாங்கல், இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல். நல்ல யோசனைதான். ஆனால் 2006இல் தி.மு.க.வின் 16 எம்.பி.க்களும் அதே மாதிரி டில்லியைத் தாங்கினார்கள், அங்கே அமைச்சர்களாகவும் இருந்தார்கள். காரணம் ஒன்று, விளைவு நேர் எதிர். மேற்கு வங்காளத்தில் 1967லும் 1969லும் அமைந்த ஐக்கிய முன்னணி அரசுகள் உட்பூசலில் உடைந்ததைப் பார்த்த தலைவர்கள் 1977இல் ஜாக்கிரதையாக இருந்தார்கள் என்பது அடுத்த விளக்கம். 1977க்கு அது பொருந்துகிறது. 2011க்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் 1967 முதலே அமைச்சரவையைப் பங்கிடாத வழக்கம் இருந்தது என்று சொல்லலாம். அந்த வழக்கத்தைக் கூட்டாளிகள் ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒவ்வொரு விளக்கத்தையும் அடுத்த உதாரணத்திடம் கொண்டுபோய் நிறுத்துவது என்றால் இதுதான். பிழைத்து நிற்பதை வைத்துக்கொள்ளுங்கள், விழுந்ததை விட்டுவிடுங்கள். ரைக்கரையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவர் கணக்கைப் போட்டு வைத்ததால்தான் நம் இரண்டு மாநிலங்களும் விசித்திரமாகத் தெரிகின்றன. கணக்கு இல்லாமல் பார்த்திருந்தால் 1977ம் 2006ம் வெறும் செய்தி. இந்தக் கேள்வி திறந்தே கிடக்கிறது. உங்களில் ஒருவருக்கு அது ஆய்வேடாக வேண்டும் என்பது என் ஆசை.

ரைக்கர் வேலை பார்த்தது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். அவர் தலைமையில்தான் அந்தத் துறை அரசியலைக் கணித மாதிரிகளாக எழுதும் முறைக்குப் பேர்போனது. அங்கிருந்து ஓர் இழை நம் தெருவுக்கே வருகிறது. கல்கத்தா இளைஞர் பார்த்தா சாட்டர்ஜி அங்கே முனைவர் பட்டம் பெற்றார். நாடுகளின் ஆயுதங்களையும் அணிசேர்க்கைகளையும் பற்றிய அவருடைய முதல் புத்தகம் 1975இல் வந்தது. ஊர் திரும்பியவர் 1973இல் தொடங்கிய சமூக அறிவியல் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அந்த மையம் அப்போது இருந்த இடம் 10, லேக் டெரஸ். வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்க்காரின் வீடு அது. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேரலாம். மையம் பிறகு பாட்டுலிக்குப் போய்விட்டது. வீடு ஜதுநாத் பவன் என்ற அருங்காட்சியகமாகவும் ஆய்வு வள மையமாகவும் இருக்கிறது. இந்தியாவின் அரசியல் சிந்தனையில் உலகம் முழுக்க விவாதிக்கப்பட்ட சில கருத்துகள் உருவான தெரு அது. நம் வீடுகளில் பலருக்கு இது தெரியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சாட்டர்ஜி ஆயுதக் கணக்கிலிருந்து வங்காளத்து நிலப் பிரச்சினைக்குத் திரும்பினார், பிறகு தேசியத்துக்கு. 2004இல் வந்த அவருடைய ஒரு புத்தகம் நமக்கு மிகப் பக்கத்தில் உள்ள இடத்தைப் பேசுகிறது: ரவீந்திர சரோவரை ஒட்டி ஓடும் ரயில் பாதை ஓரத்தில் உள்ள கோவிந்தபூர் ரயில் காலனி. நிலம் ரயில்வேயுடையது. அங்கே வாழ்பவர்களுக்குச் சட்டப்படி உரிமை எதுவும் இல்லை. ஆனால் அவர்களுக்கு ரேஷன் வேண்டும், பிள்ளைகளுக்கு அங்கன்வாடி வேண்டும், மின்சாரம் வேண்டும். வாக்கு கேட்டு வரும் கட்சிகளுக்கு அவர்கள் வேண்டும். அவர்கள் ஒரு நலச்சங்கம் அமைத்துக்கொண்டு அரசுத் துறைகளிடமும் கட்சிக்காரர்களிடமும் பேசிப் பேசி, சட்டப் புத்தகத்தில் இல்லாத இடத்தைத் தங்களுக்கு உண்டாக்கிக்கொண்டார்கள். உரிமை பேசும் குடிமக்களின் உலகம் ஒன்று, பேரம் பேசி வாழும் மக்களின் உலகம் ஒன்று. இரண்டாவதுதான் நம் நாட்டுப் பெரும்பான்மையின் அரசியல் என்பது அவர் வாதம். இதற்கு அவர் வைத்த பெயர் 'அரசியல் சமூகம்'.

இங்கே உங்களுக்கு ஒரு சங்கடமான பக்கமும் உண்டு. அந்தக் குடிசைகள் ஏரியை மாசுபடுத்துகின்றன, அகற்ற வேண்டும் என்று உயர்நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. ஏரிக்கரையில் காலை நடை போகும் நடுத்தர வர்க்கத்தின் கவலை அந்த வழக்குக்குப் பின்னால் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களும் அந்தக் கரையில்தான் நடக்கிறார்கள். ஏரி சுத்தமாக இருக்க வேண்டும் என்று விரும்புவது குற்றமில்லை. ஆனால் சட்டம், சுற்றுச்சூழல், பொதுநலன் என்ற சொற்களை யார் எளிதாக எடுத்தாள முடிகிறது, யாருக்கு அவை எட்டாமல் இருக்கின்றன என்று பார்க்கும்போது, பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்.ஏ. உங்களுக்கு இதைக் கற்றுத்தராவிட்டால் நீங்களாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

சாட்டர்ஜி சொன்னதையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008இல் எகனாமிக் அண்டு பொலிட்டிக்கல் வீக்லியில் அவர் எழுதிய கட்டுரைக்கு அமிதா பாவிஸ்கரும் நந்தினி சுந்தரும் அதே பத்திரிகையில் மறுப்பு எழுதினார்கள். சட்டத்தை மீறுவதில் வசதி படைத்தவர்கள் குறைந்தவர்களா, ஏழைகள் நீதிமன்றத்துக்கும் உரிமைகளுக்கும் போராடவில்லையா என்பது அவர்கள் கேள்வி. இரண்டையும் ஒரே வாரத்தில் படியுங்கள். பிறகு 1996 நவம்பரில் நடந்த 'ஆபரேஷன் சன்ஷைன்' பற்றித் தேடுங்கள். கரியாஹாட் உட்பட நகரத்தின் பல தெருக்களில் நடைபாதைக் கடைகளை அகற்றியது ஏழைகளின் கட்சி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட இடது முன்னணி அரசு. கடைக்காரர்கள் கூட்டமைப்பு அமைத்துப் போராடினார்கள், கொஞ்ச காலத்தில் திரும்பியும் வந்தார்கள். 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கு மத்தியச் சட்டமே வந்துவிட்டது. பேரமாகத் தொடங்கியது உரிமையாக மாறியதா, சட்டம் வந்த பிறகும் பேரம்தான் நடக்கிறதா? ராஷ்பெஹாரி அவென்யூ நடைபாதையில் துணி விற்பவரிடம் கேட்டால் புத்தகத்தில் இல்லாத பதில் கிடைக்கும்.

கேட்பது என்றதும் இன்னொன்று. 1957இல் லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் என்ற இளம் அமெரிக்கத் தம்பதி சென்னை மாநிலத்தில் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். ஒருவரைத் தனியாக உட்காரவைத்து அவர் சொந்தக் கருத்தைக் கேட்டு எழுதுவது அவர்கள் கற்று வந்த முறை. நம் கிராமத்தில் அது எப்படி நடக்கும் என்று உங்கள் பாட்டியிடம் சொன்னால் சிரிப்பார். கேள்வி கேட்க ஆள் வந்திருக்கிறது என்றால் வீடே கூடும், தெருவே கூடும். பெரியவர் இருக்கும்போது நான் என்ன சொல்ல என்பார்கள். கருத்து என்பது தனி ஆளின் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பது என்ற அனுமானமே அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்று அவர்களுக்குப் புரிந்தது. அந்த அனுபவத்தை அவர்கள் ஒளிக்கவில்லை, அடுத்த ஆண்டே எழுதி வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, 2000 அக்டோபரில் அமெரிக்க அரசியல் அறிவியலாளர்களுக்குள் ஒரு கலகம் வெடித்தது. எண்களும் கணித மாதிரிகளும் மட்டுமே அறிவு என்ற ஆதிக்கத்தை எதிர்த்து, பெயர் சொல்லாத ஒருவர் 'பெரஸ்த்ரோய்கா' என்று கையெழுத்திட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த இயக்கத்தின் பக்கம் நின்றவர் சூசன் ருடால்ஃப். பிறகு அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்துக்கே தலைவரானார். தலைமை உரையிலும் சென்னை மாநில அனுபவத்தை அவர் மறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, எண்கள் வேண்டாம், புள்ளியியல் வகுப்பைக் கட் அடிக்கலாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சோம்பலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிள்ளைகளாகவும் ஆடிட்டர்களாகவும் இந்த ஊருக்கு வந்த குடும்பங்களின் வாரிசுகள் நீங்கள். எண்ணுக்குப் பயப்படுவது உங்களுக்கு அழகில்லை. தேர்தல் ஆணையம் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் எண்ணிக்கையையும் படிவம் 20இல் வெளியிடுகிறது. ராஷ்பெஹாரி தொகுதியின் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு லேக் மார்க்கெட் பக்கத்துச் சாவடிகளைப் பாருங்கள். ஒரு கட்சிக்கு அங்கே வாக்கு கூடியிருந்தால், தமிழர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதக் கூடாது. சாவடியில் தமிழர்களும் இருக்கிறார்கள், வாக்கும் கூடியது. கூட்டியவர்கள் அவர்கள்தான் என்று அந்த எண் சொல்லவில்லை. 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் இந்தப் பிழையை அமெரிக்கக் குடிக்கணக்கை வைத்தே காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. ஆனால் வெளிநாட்டில் பிறந்தவர்களின் எழுத்தறிவு மற்றவர்களைவிடக் குறைவு. அவர்கள் குடியேறிய மாநிலங்கள் ஏற்கெனவே படித்த மாநிலங்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சியில் தேர்தல் இரவன்று இந்தப் பிழை நிமிஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தாலே உங்கள் ஒரு செமஸ்டர் கட்டணம் வசூலாகிவிட்டது.

இனி நான் மிகவும் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

மைரன் வீனர் என்ற ஆய்வாளர் காங்கிரஸ் கட்சியைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1967இல் வந்தது. இவ்வளவு பெரிய நாட்டில், இவ்வளவு வேற்றுமைக்கு நடுவில் ஒரு கட்சி எப்படிக் கட்டிக் காக்கப்பட்டது என்பது அவர் கேள்வி. ஐந்து இடங்களில் ஆய்வு செய்தார்: கைரா, குண்டூர், பெல்காம், கல்கத்தா, மதுரை. கல்கத்தாவும் மதுரையும் ஒரே அட்டைக்குள். புத்தகம் வந்த அதே ஆண்டில் காங்கிரஸ் மேற்கு வங்காளத்திலும் சென்னை மாநிலத்திலும் ஆட்சியை இழந்தது. அங்கே காமராஜர் விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். இங்கே முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் ஆராம்பாகில் அஜய் முகர்ஜியிடம் தோற்றார். கட்சியின் பெரும் அமைப்பாளர் அதுல்ய கோஷ் பாங்குராவில் தோற்றார். இரண்டு ஊரிலும் அரிசி இல்லை. இங்கே 1966இல் உணவுக் கிளர்ச்சி நடந்து துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அரிசிக்குப் பதில் வாழைக்காய் சாப்பிடச் சொன்னார் சென் என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அங்கே 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் நெருப்பு அணையவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. 1990இல் அதுல் கோலி என்ற இன்னோர் ஆய்வாளர் வீனரின் அதே ஐந்து மாவட்டங்களுக்கும் திரும்பிப் போய், என்ன மாறியது என்று ஒரு புத்தகம் எழுதினார். நல்ல ஆய்வு முன்னோரின் தடத்தில் திரும்பிப் போகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒரே வருடத்தில், ஒரே கட்சிக்கு எதிராக, ஏறக்குறைய ஒரே பசியில் இரண்டு மாநிலங்கள் திரும்பின. அதன் பிறகு பாதை பிரிந்தது. சென்னையில் ஒரே கட்சி தனிப் பெரும்பான்மையோடு உட்கார்ந்தது. கல்கத்தாவில் பல கட்சிகளின் ஐக்கிய முன்னணி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. நக்சல்பாரி எழுச்சி, குடியரசுத் தலைவர் ஆட்சி, மறுபடி முன்னணி, மறுபடி ஆட்சிக் கலைப்பு என்று பத்து ஆண்டு கொந்தளிப்பு. 1978 முதல் இங்கே பஞ்சாயத்துத் தேர்தல் அடிமட்டம் வரை கட்சிச் சின்னத்தில் நடக்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் கட்சிச் சின்னத்தில் நிற்க முடியாது. வங்காளக் கிராமத்தில் கல்யாணச் சண்டை முதல் வரப்புச் சண்டை வரை கட்சியே தீர்க்கும் நிலையை த்வைபாயன் பட்டாச்சார்யா 'கட்சிச் சமூகம்' என்று விவரித்தார். தமிழ்நாட்டில் சாதிச் சங்கமும் ரசிகர் மன்றமும் செய்ததை இங்கே கட்சிக் கிளை செய்ததா?

வர்க்கப் போராட்டம் வங்காளத்துச் சமாசாரம், தமிழ்நாட்டில் மொழியும் சாதியும்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடத் தோன்றும். சொல்வதற்கு முன் 1968 டிசம்பர் 25ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழத் தஞ்சையில் செங்கொடி வலுவாக இருந்தது. அது ஏன் மாநிலம் முழுதும் பரவவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. தமிழ்நாட்டில் வர்க்கப் போராட்டமே இல்லை என்ற விடை அந்த 44 பேரை அழித்துவிட்டு எழுதப்படுவது. எதிரான சான்றை மறைக்காமல் எழுத வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அது நடையைத் திருத்திக்கொள்ளும் விஷயம் மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

இந்த ஒப்பீட்டைச் செய்ய இந்த நாட்டிலேயே வசதியாகப் பிறந்தவர்கள் நீங்கள். சென்னை மாணவருக்கு வங்காளி தெரியாது. கல்கத்தா மாணவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை மட்டும் வைத்து மற்றவரைப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் மீன்காரரிடம் வங்காளியிலும் அம்மாவிடம் தமிழிலும் பேசி வளர்ந்தவர்கள். ஆனால் உங்களில் பலருக்கு வங்காளி பேச வரும், படிக்க வராது, தமிழும் அப்படியே. இது பெரிய இழப்பு. முதல் வருட விடுமுறையிலேயே இரண்டு எழுத்தையும் சரளமாகப் படிக்கப் பழகுங்கள். ஆனந்தபஜாரையும் கணசக்தியையும் மூலத்தில் படிக்க முடியாமல் வங்காள அரசியல் எழுதக் கூடாது. முரசொலியும் விடுதலையும் படிக்க முடியாமல் தமிழ்நாட்டு அரசியல் எழுதக் கூடாது.

வேலை பற்றி உங்கள் வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. எம்.ஏ. முடித்து நெட் எழுதிக் கல்லூரிக்கு, அல்லது ஸ்கூல் சர்வீஸ் கமிஷன் எழுதிப் பள்ளிக்கு என்பதே இங்கே பழைய பாதை. 2016 தேர்வு வழியாக நியமனம் பெற்ற 25,000க்கும் மேற்பட்ட ஆசிரியர், ஊழியர்களின் வேலைகளை முறைகேட்டுக்காக உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் மொத்தமாக ரத்து செய்தது. நேர்மையாகத் தேர்வானவர்களும் அதில் அடிபட்டார்கள். அந்தப் பாதை எவ்வளவு பாதுகாப்பானது என்று இனி யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஓர் அரசாணையைப் படித்து அது யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று சொல்லத் தெரிந்தவர், பத்துப் பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவர், எண்ணையும் மனிதரையும் சேர்த்து விசாரிக்கத் தெரிந்தவர் பத்திரிகையிலும், கொள்கை ஆய்விலும், குடிமைப்பணித் தேர்விலும் நிற்பார். சஜெஷன் மட்டும் படித்தவர் எங்கேயும் நிற்க மாட்டார். இதை உங்கள் அப்பா அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள், பூசி மெழுக வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வட்டாரத்தில் 1967இல் முதல் முறை வாக்குப் போட்ட தமிழர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். அன்று 21 வயதானால்தான் வாக்கு. பிறகு வந்த ஆண்டுகளில் கம்பெனிகள் மூடியதையும், தெருவில் குண்டு வெடித்ததையும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான் கட்டிக்கொண்டு சென்னைக்கும் பம்பாய்க்கும் போனதையும் பார்த்துவிட்டு இங்கேயே இருந்தவர்கள். அவர்களைப் பற்றி ஆவணக் காப்பகத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. போய்க் கேளுங்கள். அரசியலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். நாளிதழ் தலையங்கம் மாதிரி பதில் வரும். ரேஷன் கார்டு வாங்க யாரைப் பார்த்தீர்கள், கலவர நாளில் ஆபீஸிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தீர்கள், கட்சிக்காரர்கள் சந்தா கேட்டு வந்தபோது யார் கதவைத் திறந்தது, வங்காளி பேசத் தெரியாததால் எந்த இடத்தில் நின்றுபோனீர்கள் என்று கேளுங்கள். அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். தேதி போடுங்கள். எழுதும்போது பெயரை மாற்றிவிடுங்கள். தாத்தாவிடம் கேட்கும்போது பாட்டி சமையலறையிலிருந்து குறுக்கே சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு இன்னொரு நாள் பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொல்வது தாத்தா சொன்னதோடு ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று நீங்கள் தீர்க்க வேண்டாம். இரண்டையும் அவரவர் சொன்னபடியே எழுதி, கல்லூரி திறந்ததும் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
லேக் மார்க்கெட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை